பின்காலில் சிவப்புத் துணி

அன்புள்ள அத்தைக்கு,

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடமும் வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் வாரம் தவறாமல் அப்பாவோடு போனில் பேசுகிறார். அவர் வாயில் எதுவும் தங்காது என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். படித்ததும் வேலை செய்யும் இடத்தில் உங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

நான் நலம். அம்மா நலம். அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் படுத்துவிட்டார்கள். மேசை விளக்கின்மேல் துண்டைப் போட்டு மூடி, கணக்கு நோட்டின் நடுப்பக்கங்களைப் பிரித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். நாளைக் காலை பள்ளிக்கூட வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். போனில் சொல்ல வழியில்லை. நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

இன்று சாயங்காலமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நீங்கள் அழுதுகொண்டே என்னிடம் சொன்னீர்கள்: "பாட்டி நினைவுக் கூட்டத்துல நீ பேசும்போது என் பேருலயும் மன்னிப்புக் கேட்டுடு கண்ணு. எங்கம்மா செஞ்ச தப்பால ஒன்பது வீட்டுப் பாலு சாக்கடைக்குப் போச்சு. அவ எந்திரிச்சு நடக்கிற மாதிரி இருந்தா அவளே வீடு வீடாப் போய்க் கேட்டிருப்பா." அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர்தான் அத்தை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்து, சரி என்று சொல்லு என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் "சரி அத்தை" என்றேன். போனை வைத்ததும் குளியலறைக்குப் போய் நான்கு தடவை வாய் கொப்பளித்தேன். அப்படியும் அந்தச் "சரி" நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாட்டி எந்தத் தப்பும் செய்யவில்லை. மாட்டின் காலிலிருந்து துணியை அவிழ்த்தது நான். அவிழ்க்கச் சொன்னது அப்பா. கறந்ததும் அப்பா. எழுதிவிட்டேன்.

எந்தத் துணி என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் இங்கே இருந்தபோது ஊசி போட்ட மாட்டைப் பாட்டி தனியாகக் கட்டுவார்களாம். மாடுகள் பதினான்கு ஆன பிறகு கொட்டகையில் இடம் இல்லை. அதனால் மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பின்காலில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். அந்தத் துணி இருந்தால் கறவை மெஷினோடு யாரும் அந்த மாட்டின் பக்கம் போகக் கூடாது. பாட்டியே கையால் கறப்பார்கள், ஒடுங்கிய ஒரு பழைய வாளியில், மற்ற எல்லா மாடும் கறந்து முடிந்த பிறகு. அந்தப் பால் நேராகச் சாக்கடைக்குப் போகும். கடைசி ஊசிக்குப் பிறகும் மூன்று முழு நாள் அப்படியே. கன்றுக்குக்கூட கொடுக்க மாட்டார்கள். அப்பா வாசலில் நின்று வயிறெரிந்துகொண்டு பார்ப்பார். "நுரை பொங்கப் பொங்கப் போகுதும்மா," என்பார். பாட்டி திரும்பியே பார்க்காமல், "உன் புள்ளைக்கு ஊத்திக் குடுப்பியா? அப்ப ஊத்து," என்பார்கள்.

பாட்டி கொட்டகைச் சிமெண்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு மறுநாளிலிருந்து பின்னறைக் கட்டில்தான். எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். எல்லாம் கட்டிலிலேயே. அம்மாதான் தட்டு வைத்து எடுப்பாள். தன்னை மற்றவர்கள் துடைக்கிறார்கள் என்பது பாட்டிக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவுகிறவர்கள் அல்லவா.

அவர்கள் படுத்த ஐந்தாம் நாள் பால் சங்கத்துப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தொரு வருடம் ஒரு வேளைகூடக் கறவை தவறவிடாத பெண்மணி என்று பாட்டியைப் பற்றி எழுதத்தான் வந்தார். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா இப்பத்தான் கண்ணை மூடினாங்க, எழுப்ப வேணாம், பண்ணையை நானே காட்டுறேன்." பாட்டி விழித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னறை ஜன்னல் கொட்டகைப் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது.

அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தேன், சீருடைகூட மாற்றவில்லை. டீச்சருக்கும் புதுப்பொண்ணுக்கும் அன்று காலையில்தான் மாட்டு டாக்டர் ஊசி போட்டிருந்தார். (யார் தாமதமாக வந்தாலும் திரும்பி முறைக்கிற மாட்டுக்குப் பாட்டி வைத்த பெயர் டீச்சர். புதுப்பொண்ணு கடைசியாக வாங்கிய மாடு, வாங்கி ஆறு வருடம் ஆகியும் அதே பெயர்.) காலில் துணி கட்டியிருந்தது. பாட்டி கட்டிலிலிருந்தே சத்தம் போட்டு அம்மாவைக் கட்ட வைத்திருந்தார்கள். அப்பா சொன்னார்: "அந்தக் கந்தலை அவுத்துடுடி. போட்டோல பாத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். சிறந்த பண்ணை விருதுக்கு நம்ம பேரும் போயிருக்கு." நான் அவிழ்த்தேன். அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

போட்டோ எடுத்து முடிவதற்குள் கறவை நேரம் வந்துவிட்டது. அம்மா பாட்டிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவே கறவை மெஷினை மாட்டினார். வந்தவர் இன்னும் அங்கேயே நின்று மேனேஜரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். (மேனேஜர் வேலை எதுவும் செய்யாமல் நன்றாகத் தின்கிற மாடு.) அப்பா டீச்சரிடம் போனதைப் பார்த்து நான் பக்கத்தில் போய் மெதுவாக, "அப்பா, துணி," என்றேன். அவர் என் காதருகில் குனிந்து, சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "ஒரு வேளைக்கு ஒண்ணும் ஆயிடாது. ஆள் நிக்கறான், தனியாக் கறந்து கொட்டினா என்னன்னு கேப்பான். உள்ள போ." நான் உள்ளே போனேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை அத்தை. ஒரே தடவைதான் சொன்னேன். புதுப்பொண்ணின் பாலில் அன்று காலையில்கூடத் திரிதிரியாக வந்திருந்தது. பாட்டி மாதிரிக் கறுப்புத் தட்டில் முதல் பீச்சைப் பீச்சிப் பார்த்தால் தயிர்த் துண்டு மாதிரி நிற்கும், மஞ்சளாக. அது எல்லாம் குழாய் வழியாக மற்ற பாலோடு பெரிய கேனுக்குள் போயிற்று.

மறுநாள் சங்கத்திலிருந்து போன் வந்தது. சோதனையில் மருந்து தெரிந்து, லாரியில் இருந்த மொத்தப் பாலையும் கொட்டிவிட்டார்கள். ஒன்பது பண்ணையின் பால். ஒவ்வொரு பண்ணையிலிருந்தும் எடுத்து வைத்த மாதிரிப் புட்டிகளைச் சோதித்ததில் நம்முடையதுதான் என்று தெரிந்துவிட்டதாம். சாயங்காலம் விசாரிக்க வருகிறோம் என்றார்கள். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேண்டுமென்றே அனுப்பியது என்று தெரிந்தால் நம் பாலை இனிமேல் எடுக்கவே மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பின்னறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டதற்கு மன்னியுங்கள். அப்பா பாட்டியின் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அம்மா, உன் பேத்தி விளையாட்டுத்தனமா துணியை அவுத்துட்டா. தெரியாமக் கறந்தாச்சு. இப்ப வந்து கேக்கப் போறாங்க. படிக்கிற பொண்ணு, நாளைக்கு ஊரெல்லாம் இவ பேரைச் சொல்லிச் சிரிப்பாங்க. நீதான் ஏதாவது பண்ணணும்."

விளையாட்டுத்தனமாக. அந்த வார்த்தையைத்தான் சொன்னார். தான் அவிழ்க்கச் சொன்னதைச் சொல்லவே இல்லை. என்னைத் தூண்டிலில் புழு மாதிரி மாட்டிப் பாட்டியின் முன்னால் போட்டார். உள்ளே ஓடி "இல்ல பாட்டி, இவர்தான்" என்று கத்தியிருக்க வேண்டும். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

பாட்டி, "எந்த மாடு?" என்று கேட்டார்கள். அப்பா சொன்னார். "ரெண்டுமா?" என்றார்கள். அப்புறம், "மடி எப்படி இருக்கு? வீக்கம் வடிஞ்சுதா?" அப்பா மடியைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்.

சாயங்காலம் சங்கத் தலைவரும், சோதனை செய்கிறவரும், மேட்டு வீட்டுப் பண்ணைக்காரரும் வந்தார்கள். மூன்று பேரும் பின்னறைக்குள் வந்ததும் மூக்கைச் சுளித்தார்கள். கட்டிலுக்கு அடியில் தட்டு இருந்தது, மூட அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதைப் பார்த்தார்கள். இடுப்புக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்த தலையணைகளையும் பார்த்தார்கள். பாட்டி சொன்னார்கள்: "நான்தான். மனசு கேக்காம எந்திரிச்சுப் போனேன். துணி கட்ட மறந்துட்டேன். கண்ணும் சரியாத் தெரியல."

எந்திரிச்சுப் போனார்களாம்! மூன்று பெரிய மனிதர்கள். ஒருவர்கூட, எப்படிம்மா போனீங்க என்று கேட்கவில்லை. முப்பது வருடமாகப் பாட்டியின் பாலில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு "கறார் அம்மா பாலுக்குச் சோதனை எதுக்கு" என்று சொன்ன தலைவர், தலையைக் குனிந்துகொண்டு, "உங்ககிட்ட இருந்து இதை எதிர்பார்க்கலம்மா," என்றார். மேட்டு வீட்டுக்காரர் விடவில்லை. "வயசானா ஒரு மூலையில உக்காரணும். இப்ப எங்க பாலும் சேர்ந்துல்ல போச்சு. பெரிய சுத்தக்காரின்னு பேரு," என்றார். பாட்டி அவரைப் பார்த்து, "தப்புதான்பா. மன்னிச்சுக்க," என்றார்கள். என் வாழ்க்கையில் பாட்டி யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அப்பா தலைமாட்டில் நின்று பாட்டியின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு என்ன பாசமான மகன் என்று தோன்றியிருக்கும். எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வந்தவர்கள் நம்பினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. படுக்கையில் கிடக்கிற கிழவி தப்பென்றால் யாரையும் எதுவும் செய்ய வேண்டாம். டீ குடித்துவிட்டுப் போய்விடலாம். குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் போன பிறகு பாட்டி என்னைக் கூப்பிட்டார்கள். அழப்போகிறார்கள், கட்டிப்பிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். "பையில இருக்கறதை எடு," என்றார்கள். எப்படித் தெரிந்ததோ தெரியாது. மருந்து வாசனையாக இருக்கும். இரண்டு துணியையும் எடுத்துக் காட்டினேன். "வெந்நீர்ல அலசித் திரும்பக் கட்டு. டீச்சர் உதைப்பா, வலது பக்கமாப் போ," என்றார்கள். அவ்வளவுதான். நான் "பாட்டி, அப்பாதான்" என்று ஆரம்பித்தேன். "தெரியும். நீயா அவுக்கிற ஆளு இல்ல. போய்க் கட்டு," என்றார்கள்.

ஆக, அவர்களுக்குத் தெரியும் அத்தை. மகனுக்காகச் சொன்னார்களா, எனக்காகச் சொன்னார்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதற்கு நான்காம் நாள் காலை பாட்டி இறந்துபோனார்கள்.

இதை எல்லாம் எழுதும்போது பாட்டி என்றால் படுக்கையில் கிடந்தவர்கள் மாதிரியே ஆகிவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்தில் படிப்பதற்காக நானே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தாத்தா போனபோது இரண்டு மாடும், ஐந்து வயது அப்பாவும், கைக்குழந்தையாக நீங்களும்தான் இருந்தீர்கள் என்று ஆரம்பித்திருந்தேன். உங்களைத் தீவனப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டுக் கறப்பார்களாம், மாடு மூச்சு விட்டு உங்களைச் சூடாக வைத்திருக்குமாம். உங்கள் கல்யாணத்தன்று ஒரு மாடு கன்று போட்டதால் கடைசி நிமிடத்தில் ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்ததையும், அதனால்தான் கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் பாட்டிக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை என்பதையும் எழுதியிருந்தேன். ஒரு தடவை நான், "மாட்டை மட்டும் கொஞ்சுறியே, என்னை ஒரு நாளாவது கொஞ்சியிருக்கியா?" என்று சண்டை போட்டேன். "நீ எத்தனை லிட்டர் குடுப்ப?" என்று கேட்டார்கள். ஆனால் எனக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது, அதே நாளில் மேனேஜருக்கும் பேறு காலம் என்பதால், என்னைப் போர்வையில் சுற்றிக் கொட்டகைக்கே தூக்கிக்கொண்டு போய், ஒரு கையை என் நெற்றியிலும் இன்னொரு கையை மாட்டின் வயிற்றிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கழுவாத கையைக் கேனுக்குள் விட்டதற்கு என்னை ஓங்கி அடித்ததையும் எழுதியிருந்தேன். நல்ல அடி. வீங்கிவிட்டது.

அப்பா அதைப் படித்தார். சில இடங்களில் சிரித்தார், ஒரு இடத்தில் கண் கலங்கினார். பிறகு, "இதெல்லாம் வேணாம்டி, நாலு பேரு வர்ற இடம்," என்று சொல்லி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, டைப் செய்த ஒரு பக்கத்தைக் கொடுத்தார். அதில் ஒரு வரியை மட்டும் உங்களுக்கு எழுதுகிறேன். "தூய்மையையே உயிராகப் போற்றிய எங்கள் அன்னை, முதுமையின் தளர்ச்சியால் இறுதி நாட்களில் ஒரு பிழை இழைத்தபோதும், அதைப் பெருந்தன்மையுடன் மன்னித்த சங்கத்தாருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது." தினமும் சாப்பிட்ட பிறகு கூடத்தில் நிற்க வைத்து என்னைப் படிக்கச் சொல்கிறார். "பிழை இழைத்தபோதும்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் உருக்கமாக இருக்குமாம். நான் நிறுத்துகிறேன். அம்மா பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக அடுக்குகிறாள். அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன், உனக்குத் தெரியுமா தெரியாதா என்று. "எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு," என்றாள். அதுதான் அவள் பதில்.

போன வாரம் அந்தப் பத்திரிகையும் வந்துவிட்டது. அட்டையில் அப்பா. டீச்சரின் முதுகில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பாட்டியைப் பற்றி உள்ளே நான்கு வரி, அதில் இரண்டு அவர் வயது. அப்பா பத்துப் பிரதி வாங்கினார். அத்தை, அந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். டீச்சரின் பின்காலில் முடி ஒரு வளையம் மாதிரி அழுந்தியிருக்கிறது. துணி கட்டியிருந்த தடம். துணி முதலில் இருந்திருக்கிறது, படம் எடுக்கும்போது இல்லை, பின்னால் கறவை நேரத்துச் சாயங்கால வெயில் இருக்கிறது, அப்பா நிற்கிறார். பாட்டி எங்கே? அந்த அட்டையைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். ஊரில் எல்லோர் வீட்டிலும் அது கிடக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அதோடு முடியவில்லை. இப்போது எந்த மாட்டின் காலிலும் துணி இல்லை. அப்பா பயந்துபோய்த் திருந்துவார் என்று நினைத்தேன். அவர் கற்றுக்கொண்டது வேறு. ஊசி போட்ட மாட்டின் பாலை இப்போது சங்கத்துக்கு அனுப்புவதில்லை, அங்கே சோதனை இருக்கிறது. தெருவில் வாங்குகிறவர்களுக்கு ஊற்றுகிறார். முந்தாநாள் காலை புதுப்பொண்ணின் பாலைச் சமையலறை டீ வடிகட்டியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். வலையில் மஞ்சள் கட்டிகள் நின்றன. ஒரு கட்டியில் மெல்லிய கோடாக ரத்தம். விரலால் வழித்துத் தொட்டியில் உதறினார். அந்த விரலைக் கழுவவும் இல்லை, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பாலை தெரு மூலையில் இருக்கிற குழந்தைகள் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "காய்ச்சித்தானே குடிக்கிறாங்க, காய்ச்சினா எல்லாம் செத்துடும்," என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே. மருந்து சாகுமா அத்தை? காப்பகத்துக்காரம்மா நேற்று என்னைத் தெருவில் பார்த்து, "உங்க பாட்டி போனாலும் பாலு மட்டும் அதே தரம்," என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினார். அவர் இடுப்பில் ஒரு குழந்தை, வாயெல்லாம் பால் காய்ந்து வெள்ளையாக.

அப்பாவை வெறுக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நிற்பது அவர்தான். பாட்டி விழுந்த அன்று தனியாகத் தூக்கிக்கொண்டு ஓடி முதுகு பிடித்துக்கொண்டவரும் அவர்தான், இன்னும் நிமிர முடியவில்லை. அவர் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அல்ல, அதற்கடுத்த ஞாயிறு, காலை பத்து மணி, சங்கத்துக் கூடத்தில். பாட்டியின் சாவுக்கே உங்களுக்குக் கிடைக்காத லீவு கூட்டத்துக்குக் கிடைக்காது என்று தெரியும், அதனால் வாருங்கள் என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று செய்யுங்கள். அப்பா இந்த உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் பயப்படுவார், நீங்கள் சின்னவர் என்றாலும். கூட்டத்துக்கு முன்னால் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இடுப்பு முறிஞ்சு கிடந்த அம்மா கொட்டகை வரைக்கும் எப்படி நடந்தா?" இதற்கு என் கடிதம் தேவையில்லை. நீங்களாகவே யோசித்துக் கேட்கக்கூடிய கேள்விதான். இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு உங்கள்மேல் கோபம்கூட வந்தது. பெரியவர்களிடம் இப்படி எழுதக் கூடாது, மன்னியுங்கள். போன் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று நானும் அம்மாவும் கேட்போம். எங்கள் முன்னால் அவர் அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்லட்டும் பார்க்கலாம்.

அவர் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டால், நான் அந்த வரியைப் படிக்க மாட்டேன். அந்த இடம் வந்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, துணியை அவிழ்த்தது நான் என்று சொல்லிவிடுவேன். அப்புறம் கூட்டம் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வேன். பாட்டி எனக்காகத்தான் பொய் சொன்னார்கள் என்றால், அவர்கள் கடைசியாகச் செய்ததை நான் வீணாக்குகிறேன். அது பெரிய பாவமா? காப்பகத்தில் அந்தக் குழந்தை குடிக்கிறதே, அதைவிடப் பெரிய பாவமா? இதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. பாட்டி இருந்தால், "மடி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். புதுப்பொண்ணுக்கு வீக்கம் இன்னும் வடியவில்லை அத்தை. இன்று தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது, கை பட்டதும் துடிக்கிறது.

உங்கள் வேலையில் கவனமாக இருங்கள். நின்றுகொண்டே இருக்காதீர்கள், கால் வீங்குகிறது என்று சொன்னீர்களே. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நல்லபடியாக இருந்தால்தான் எனக்குப் பேச ஒருவர் இருப்பார். உங்கள் அம்மாவைப் பற்றி இனிமேல் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள், அவர்களுக்காக ஒரு

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். வெளிச்சம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. படித்துப் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறார். பால் காய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறாராம், ஆறுவதற்குள் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்கிறார். கதவைத் திற